சங்கம் வைத்த சம்பந்திக்கு

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கு நான், என் மனைவி, கடை, கடையிலுள்ள இரண்டு தையல் மெஷின்கள், ஓர் ஏணி ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் பெண்ணும், தங்களுடைய வலது முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மடக்கும்போது முழங்கால் இன்னும் சத்தம் போடுகிறதா? டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்கிறீர்களா, அல்லது டாக்டரிடமும் பேச்சுவார்த்தை நடத்திக் குறைத்துக்கொண்டீர்களா?

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பல தடவை போன் செய்துவிட்டேன். தொழிற்சங்கத் தலைவராக ஆலை வாசலில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல் தங்களுடையது. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் தாங்கள் "நம்ம தோழர்கள் எப்படி இருக்காங்க" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடைசியில் "சரி, வச்சிடறேன்" என்பதையும் தாங்களே சொல்லிவிடுகிறீர்கள். எனக்கு முறையே வருவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் தங்களுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். கோபத்தை எப்படி எழுதினாலும் முடிவில் "தங்கள் அன்பை என்றும் நாடும்" என்றுதான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அதற்குள் நடந்தவை எல்லாம் நடந்து, இப்போது கோபம் போய் நன்றி மட்டும்தான் மிச்சம். அதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முழங்கால் வைத்தியத்துக்காகத் தாங்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சம்பந்தியைச் சுவரைப் பார்க்க விட்டுவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று நான்தான், என் வாயால்தான், "கடைக்கு வந்து உட்காருங்களேன், நாலு பேரைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கூப்பிட்டேன். திரைச்சீலை தைக்கிற சின்னக் கடை, அதில் இருப்பதே நாலு பேர். துணியை வெட்டும் கட்டிங் மாஸ்டர், முன் மெஷின் அக்கா, பின் மெஷின் அக்கா, வீடு வீடாகப் போய்த் திரையை மாட்டிவிட்டு வரும் ஏணி. அவனுக்கு வேறு பெயர் இருந்தது, யாரும் கூப்பிடாததால் அவனே மறந்துவிட்டான். ஐந்தாவதாக என் மனைவி. போன் எடுப்பது, பில் போடுவது, திரைக்கு வளையம் கோர்ப்பது எல்லாம் அவள்தான், ஆனால் அவளை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

இவர்களை நான் வேலையாட்களாக நடத்தியதே கிடையாது சம்பந்தி. என்னை முதலாளி என்று கூப்பிடக் கூடாது, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கடையின் சட்டம். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று தினமும் சொல்வேன். சொல்வதோடு நிறுத்தியதும் இல்லை. எங்கள் வீட்டு பீரோவை நகர்த்த வேண்டும் என்றால் விடுமுறை நாளில் உரிமையோடு ஏணியைத்தான் கூப்பிடுவேன். என் பழைய சட்டைகளை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவனுக்கே கொடுப்பேன். பின் மெஷின் அக்காவின் மகன் மார்க் குறைவாக வாங்கினால் அவனைக் கடைக்கு வரவழைத்து நானே திட்டுவேன். முன் மெஷின் அக்கா கண் பரிசோதனைக்கு லீவு கேட்டால், "நம்ம கடை, நீயே போயிட்டா யாரு பாப்பாங்க" என்று பாசத்தோடு கேட்பேன், அவளும் பாசத்தோடு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். ஊசியில் நூல் கோர்க்க மட்டும் பின் மெஷினைக் கூப்பிடுவாள். சம்பளத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். வீட்டுக்குள் கணக்குப் பார்க்கலாமா என்பேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். இப்படி ஒரு பாசமான இடம் எங்கேயும் கிடையாது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த நாளில்தான் தாங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: எப்போது சாப்பிடுவீர்கள்? மாஸ்டர் பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தவரைப் போல மேலே பார்த்தார். கை ஒழிந்தால் சாப்பிடுவோம் என்றார். கை எப்போது ஒழியும் என்று கேட்டீர்கள். கடையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் கடைக்கு உள்ளேயே இருந்தும்கூட.

மறுநாள் மத்தியானம் நான் பில் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டது. தூக்கிவாரிப்போட்டது. அடுத்த நிமிஷம் இரண்டு மெஷினும் நின்றன, கத்திரிக்கோல் நின்றது, நான் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மின்சார ஆபீசுக்குப் போன் செய்து சத்தம் போட ஆரம்பித்துவிட்டேன். அங்கே இருந்தவர் "ஃபேன் சுத்துதா பாருங்க" என்றார். பார்த்தேன், என் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பினால் நாலு பேரும் வெட்டும் மேஜையில் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் தாங்கள். அன்றுதான் எனக்கு மாஸ்டர் ஒரு கைப்பந்து நடுவர் என்பதே தெரிந்தது. தேர்வெழுதி முறையாகத் தேறியவராம். சட்டைப்பையில் எப்போதும் கிடந்த அந்த விசிலை நான் தெருநாயை விரட்ட வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆட்டங்கள் சாயங்காலம் தொடங்குமாம். எங்கள் கடையில் "இன்னும் ஒரே ஒரு திரை மாஸ்டர்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில் விசிலை ஊத வாய்ப்பில்லாமல் பையிலேயே வைத்திருந்தாராம்.

அந்த வாரமே சங்கம் பிறந்துவிட்டது. தலைவர் மாஸ்டர். செயலாளர் முன் மெஷின். பொருளாளர் பின் மெஷின், ஆனால் சங்கத்திடம் பொருள் எதுவும் இல்லாததால் டீக் கெண்டியைப் பொறுப்பாக வைத்திருந்தாள். ஏணி மட்டும் சாதாரண உறுப்பினர். அவனுக்கு வருத்தமோ என்று பார்த்தால் அவன் மார்பு நாலு விரல் விரிந்திருந்தது. மற்ற மூன்று பேரும் நிர்வாகிகள், சங்கமே நான் ஒருத்தன்தான் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தான். என்னைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். குடும்பத்துக்குள் என்ன பேச்சுவார்த்தை என்று நான் மறுத்துவிட்டேன். மறுநாள் காலை வேலைநிறுத்தம்.

வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் வாசலில் உட்கார வேண்டும் என்பார்கள். எங்கள் கடை வாசலில் ஒரு செருப்புக்கு மேல் இடம் கிடையாது. ஆகவே திரைகளைக் காட்டுவதற்காகப் போட்டிருக்கும் சோபாவில், என் கண்ணெதிரிலேயே, வரிசையாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் மனைவி டீ போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. அவளும் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எனக்கு நீங்க சம்பளம் குடுக்கறீங்களா?" என்றாள்.

"நீ என் மனைவி. உனக்கு எதுக்குச் சம்பளம்?"

"அப்ப இவங்களைவிட எனக்குத்தான் கஷ்டம் அதிகம். இவங்க வெறும் குடும்பம் மாதிரி. நான் அசல் குடும்பம்."

அவளும் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். ஏணிக்கு மட்டும் அதில் கொஞ்சம் மனக்குறை, தனிப்பெரும் உறுப்பினர் என்ற பெருமை போய்விட்டது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது சம்பந்தி. நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், பல் டாக்டர் அறை ஜன்னலுக்கு அன்று கொடுக்க வேண்டிய திரையை நானே வெட்டி, நானே தைத்து, நானே மாட்டுகிறேன் என்று கிளம்பினேன் அல்லவா? என்ன நடந்தது என்று உங்களிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். ஜன்னல் எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்குத் துணியை வெட்டினேன். மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் துணியைத் தின்றுவிடும் என்பது மாஸ்டர் கையில் இருந்த விஷயம், என் கையில் இல்லை. அகலத்தில் கொசுவத்துக்கும் விடவில்லை. மர ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் நடுங்கிக்கொண்டே ஏறி மாட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், துவைத்துக் காயப்போட்ட துண்டு மாதிரி ஒன்று தொங்குகிறது. கீழே ஒரு முழம் திறந்து கிடக்கிறது. அந்த ஒரு முழத்துக்கு நேரே பல் டாக்டரின் நாற்காலி. அதற்கு நேரே வெளியே பஸ் நிறுத்தம். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவரை நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் குனிந்து பார்க்கிறார்கள். பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை. ஒருவர் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, ஆடுகிற பல் அது இல்லை, அதற்குப் பக்கத்துப் பல் என்று டாக்டருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டேன் என்று நோயாளி மூடிக்கொண்டுவிட்டார்.

டாக்டர் அந்தத் திரையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்து மேஜையில் போட்டார். சோபாவில் இருந்த மாஸ்டர் எழுந்து வந்து அதை விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இது ஜன்னலுக்கா, ஜன்னலோட தம்பிக்கா?" என்றார். முன் மெஷின் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும், பிறகு டாக்டர்கூட. சரி, இப்போது மாஸ்டர் கத்திரிக்கோலை எடுப்பார் என்று நான் ஆவலாகப் பார்த்தேன். அவர் கை பழக்கத்தில் கத்திரிக்கோல் பக்கம் போகவும் செய்தது. நீங்கள் தொண்டையைக் கனைத்தீர்கள். கை திரும்பி வந்துவிட்டது. எனக்கு வேறு வழியில்லை. பேசலாம் என்றேன்.

பேச உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் ஆள் சமமாக இருக்க வேண்டும் என்றீர்கள். அந்தப் பக்கம் ஐந்து பேர். இந்தப் பக்கம் நான் மட்டும். பல் டாக்டரைக் கேட்டுப் பார்த்தேன், அவர் பார்வையாளராக இருந்துகொள்கிறேன் என்று டீ வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்கிறது, அனுபவமுள்ள ஆள் ஒருவர் உங்களுக்கு வேண்டும் என்று நீங்களே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். ஆனால் வாழ்நாளெல்லாம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பழக்கம், மாஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே "நியாயமான கோரிக்கை" என்று மேஜையைத் தட்டிவிட்டீர்கள். மாஸ்டரே விசில் ஊதி, "பெரியவரே, நீங்க இப்ப அந்த டீம்" என்று நினைவுபடுத்த வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

"முதலாளி," என்று ஆரம்பித்தார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குச் சுருக்கென்றது. "எங்க முதல் கோரிக்கை இதுதான். எங்களக் குடும்பம்னு சொல்லாதீங்க."

நான் எதையோ சொல்ல எழுந்தேன். நீங்கள் என் தொடையைத் தட்டி உட்கார வைத்தீர்கள்.

"குடும்பம்னா லீவு கேக்க முடியல. கேட்டா உங்க முகம் வாடிப்போகுது, அதைப் பாத்துட்டு நாங்களே வேணாம்னு சொல்லிடறோம். கோபம் வந்தா சண்டை போட முடியல. வேற இடத்துல வேலை கிடைச்சாக்கூட சொல்லிட்டுப் போக முடியல. குடும்பத்துலேர்ந்து யாராவது ராஜினாமா பண்ண முடியுமா? ஓடித்தான் போகணும். நான் ஓடிப்போறதா இருந்தேன் முதலாளி."

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய திரைச்சீலைக் கம்பெனியில் வருகிற ஒன்றாந்தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சங்கம் உண்டு, சாப்பாட்டு நேரம் உண்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், கடைச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவதாக இருந்திருக்கிறார். "பெரியவருதான் ஓடாதே, உக்காந்து பேசுன்னாரு. அதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

மாஸ்டர் இல்லாவிட்டால் என் கடை என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி எதிரிலேயே மேஜைமேல் விரிந்து கிடந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கடை நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்ற மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக வேண்டிய இடத்தில் நான் அவரை வைத்திருந்தேனே என்றுதான் இருந்தது. நீங்கள் இங்கேயே இருந்துவிட என்ன வேண்டும் மாஸ்டர் என்று கேட்டேன். அவர் ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறார் என்று பயந்திருந்தேன். ஆறு மணிக்குக் கடையை மூட வேண்டும், ஆட்டம் ஆறரைக்கு என்றார். முன் மெஷினுக்குக் கண் டாக்டரைப் பார்க்க லீவும், எல்லாருக்கும் வருஷா வருஷம் கேட்காமலே சம்பள உயர்வும் வேண்டும் என்றார்கள். பின் மெஷின், என் பையனின் மார்க்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பீரோ தூக்கினால் தனியாகக் கூலி வேண்டும், சட்டை வேண்டாம், அது என்மேல் கூடாரம் மாதிரி நிற்கிறது என்றான் ஏணி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் தலையாட்டுவதற்கு முன்பே நீங்கள் ஆட்டிவிட்டீர்கள்.

எழுந்திருக்கப்போன நேரத்தில், "இன்னொரு உறுப்பினர் பாக்கி இருக்கேன்" என்றாள் என் மனைவி. "ஊர்ல எல்லா வீட்டு ஜன்னலுக்கும் நாம திரை போடறோம். நம்ம வீட்டு ஜன்னல்ல பழைய போர்வை தொங்குது. வீட்டுக்காரியாக் கேட்டுப் பாத்தேன், நடக்கல. இப்ப உறுப்பினரா கேக்கறேன்."

நீங்கள் தங்கியிருந்த அறையில் தொங்கியதும் அந்தப் போர்வைதான். அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். இருட்டுகிற நேரத்துக்கு வந்து, விடிவதற்குள் எல்லா அறைக்கும் திரை வேண்டும் என்று நிற்பாரே ஒரு விடுதிக்காரர், அவர் வந்தார். இதுவரை அவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. இந்தத் தடவை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நான் என்ன பண்றது, சங்கம் ஒத்துக்காது" என்றேன். அவர் என்னைப் பாவம் பார்த்தார். என் தோளைத் தட்டி, மெதுவா குடுங்க போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து யாருக்கு இல்லை என்று சொல்ல வேண்டுமானாலும் சங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பழைய நண்பர் கடன் கேட்டதற்குக்கூடச் சங்கம் ஒத்துக்காது என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மணிக்கு விசில் ஊதினால் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குத்தான் முதலில் எங்கே போவது என்று தெரியவில்லை. வெளிச்சம் இருக்கும்போது வீட்டுக்குப் போய் என்ன செய்வது? ஒரு நாள் சும்மா மாஸ்டர் பின்னாலேயே மைதானத்துக்குப் போனேன். வலையின் ஓரத்தில் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். துணியைப் பார்க்கும் அதே பார்வை. பந்து கோட்டில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று அத்தனை பேரும் அடித்துக்கொண்டார்கள், அவர் கையை ஒரு பக்கம் காட்டினார், முடிந்தது, யாரும் மறுபேச்சு பேசவில்லை. இவரையா நான் "இன்னும் ஒரே ஒரு திரை" என்று பிடித்து வைத்திருந்தேன்? ஆட்டம் முடிந்து இறங்கி வந்து, "டீ சாப்பிடறீங்களாண்ணா?" என்றார். ஒப்பந்தப்படி முதலாளி என்றுதானே கூப்பிட வேண்டும் என்று கேட்டேன்.

"கடை மூடியாச்சு. இப்ப நானாக் கூப்பிடறேன்" என்றார்.

டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை யாரும் என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, தானாகக் கலங்கியது.

இதற்குத்தான் நன்றி சம்பந்தி. நீங்கள் வராமல் இருந்திருந்தால் ஒன்றாந்தேதி காலையில் என் மேஜையில் ஒரு சாவி மட்டும் இருந்திருக்கும், ஏன் என்று கடைசிவரை எனக்குத் தெரிந்திருக்காது. ஆகவே அடுத்த மாதம் நீங்கள் அவசியம் வர வேண்டும். உங்கள் அறை ஜன்னலுக்கு நல்ல திரை போட்டாயிற்று, மாஸ்டர் வெட்டியது, கொசுவம் பூப்பூவாக நிற்கிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். தோழர்கள் ஆவலாகக் காத்திருக்கிறார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் எங்கள் பெண்ணுக்கும் ஆசிகள். முழங்காலுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
சம்பந்தி (முதலாளி, ஆறு மணி வரை)

பின்குறிப்பு: மேலே வரச் சொன்னதைத் தயவுசெய்து ரத்து செய்துகொள்ளவும். கடிதத்தை மடிக்கும்போது என் மனைவி வந்து விஷயத்தைச் சொன்னாள். ஒரு வாரமாக சம்பந்தியம்மாவும் எங்கள் பெண்ணும் மாற்றி மாற்றி அவளுக்குப் போன் செய்து, சங்கம் வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். தாங்கள் நாற்காலியில் இருந்தபடியே கேட்கும் டீ, வெந்நீர், மூக்குக்கண்ணாடி சம்பந்தமாக என்று கேள்வி. சம்பந்தியம்மா தலைவர், எங்கள் பெண் செயலாளரும் பொருளாளரும், மாப்பிள்ளை சாதாரண உறுப்பினர். உறைக்குள் காகிதத்தில் சுற்றிக் கனமாக இருப்பது விசில், மாஸ்டர் தன் செலவில் வாங்கிக் கொடுத்தது. அது தங்களுக்கு அல்ல, பிரிக்காமல் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிடவும். இந்த நேரத்தில் தாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினால் ஓடிப்போனதாக ஆகிவிடும். நானே அங்கே வந்து தங்கள் பக்கத்தில் உட்காருகிறேன், ஆனால் மேஜையைத் தட்ட மாட்டேன் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் வந்து சேர்வதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டால் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள் சம்பந்தி: எதைச் சொன்னாலும் சொல்லுங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.